கம்ப்யூட்டர் சாத்தும் நேரம்

ஆரியசாலையில் என் வெங்காயக் கடையைச் சாத்த ஒரே இழுப்பு. ஷட்டர் கீழே வந்துவிடும். கிழக்கேகோட்டைப் பக்கம் ஒரு லைசென்ஸ் ஆபீஸ் இருந்தது. அதைச் சாத்துவது அப்படியோர் அற்ப காரியமல்ல. அங்கே லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டர் வைத்திருந்தார்கள். அது முழுக்க அணைந்த பிறகே பியூன் தங்கப்பன் கதவைப் பூட்டலாம் என்பது விதி. ஐந்து மணிக்கு அணைக்கச் சொன்னால் அது நிதானமாக ஆலோசித்து, தங்கப்பன் ஊரான பொன்முடிக்குக் கடைசி பஸ் போனபிறகுதான் கண்ணை மூடும். பஸ்ஸை விட்ட தங்கப்பன் என் கடை மூட்டைமேல் படுத்துக் குறட்டை விடுவான்.

"இந்தச் சனியாழ்ச்சயும் வீடு சேரலேன்னா ஓமனா பிள்ளைகளைக் கூட்டிட்டு அவ அம்மை வீட்டுக்குப் போயிருவாளாம், அண்ணாச்சி."

"வயரைப் பிடுங்க வேண்டியதுதானே வே?"

"பிடுங்கினா சஸ்பென்ஷன்."

எனக்குக் கோபம் வந்தது. நேரே ஆபீசுக்குப் போனேன்.

உள்ளே யுத்தம். லினக்ஸில் மற்ற புரோகிராம்களை எழுப்புவதும் உறங்கவைப்பதும் இனிட் என்றொரு காரியஸ்தனாம். பழைய இனிட்டா, புது இனிட்டா என்று ஆபீஸே இரண்டாகப் பிளந்து கிடந்தது.

பழையதன் கட்சி, சூப்பிரண்டு பிச்சுமணி. "ஒண்ணு படுத்துண்டப்புறம்தான் அடுத்தது. கோவில்ல நடை சாத்தறச்சே எல்லாக் கதவையும் ஒரே நேரத்துலயா சாத்தறா?"

புதியதன் கட்சி, கிளார்க் ஜெஸ்லின். "ஒருமிச்சு அடைக்கணும் சாரே! ஹர்த்தாலுக்குக் கடையெல்லாம் வரிசையில நின்னா அடைக்குது?"

"ரெண்டையும் போட்டுப் பாத்தீங்களா?" என்றேன்.

"பார்த்தோம் ஓய். ரெண்டும் பிரிண்டருக்காகக் காத்துண்டு நிக்கறது."

"பிரிண்டர் எங்கே?"

"ரிப்பேருக்குப் போய் ரெண்டு வருஷமாச்சு."

"அப்ப பிரிண்டர் இல்லேன்னு அதுகிட்டச் சொல்லித் தொலைங்களேன்!"

"ஆபீஸ் கணக்குல இருக்கே அண்ணாச்சி," என்றாள் ஜெஸ்லின். "கணக்குல இருக்கிறதை இல்லேன்னு எப்படிப் பறைய?"

இதில் மட்டும் பிச்சுமணியும் தலையாட்டினார்.

மேசையை ஓங்கித் தட்டினேன். "அப்படின்னா காலையிலேயே சாத்தத் தொடங்குங்கய்யா!"

பிச்சுமணி பேனாவை எடுத்தார். "பத்து மணிக்கா?"

எவன் எதைச் சொன்னாலும் பேரம் பேசாமல் அப்படியே ஒத்துக்கொள்கிற வாயா இது? "பதினொண்ணு!"

"பத்தரை."

"பதினொண்ணுக்கு ஒரு நிமிஷம் குறைய மாட்டேன்!"

படிந்தது. ஜெயித்த மிதப்பில் கடைக்குத் திரும்பினேன்.

அந்தச் சனிக்கிழமையே தங்கப்பன் பஸ் பிடித்தான். ஓமனா எங்கும் போகவில்லை.

அடுத்த மாதம் கடை லைசென்சைப் புதுப்பிக்கப் போனேன். வாசலில் நீண்ட வரிசை. என் முறை வந்ததும் தங்கப்பன் கையை நீட்டி மறித்தான்.

"கம்ப்யூட்டரை அடைச்சிட்டிருக்காங்க, அண்ணாச்சி. நாளைக்கு வாங்க."

"இப்பத்தானேடா பதினொண்ணு அடிச்சுது!"

அவன் பணிவோடு கதவைக் காட்டினான். 'ஆரியசாலை வியாபாரிகளின் நீண்டநாள் கோரிக்கையைக் கனிவுடன் ஏற்று, அலுவலகக் கணினி தினமும் முற்பகல் பதினொரு மணிக்கு அடைக்கத் தொடங்கப்படும்.' கீழே, நன்றியுடன், என் பெயர்.

எனக்குப் பின்னால் வரிசையாக நின்ற ஆரியசாலை வியாபாரிகள், புது இனிட் முறைப்படி, ஒருமிச்சு என் பக்கம் திரும்பினார்கள்.