ஒரு தோட்டாவோடு நின்றுவிடும் துப்பாக்கி

நவம்பர் 21, வியாழன்

அன்பும் மரியாதையும் மிக்க மச்சான் ஆர்விட் அவர்களுக்கு, தங்கை கணவன் டெல்பர்ட் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும், உங்கள் தங்கை லோர்னாவும், அவளுடைய வலது தோளில் டாக்டர் முடுக்கிவைத்த எட்டுத் திருகுகளும் சௌக்கியம். அங்கே கிரீன் பேயில் நீங்களும் பெவர்லி அக்காவும் உங்கள் வெல்டிங் பட்டறையும் அதேபோல் இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். பனி முழங்காலைத் தாண்டிவிட்டது. நாய் கொழுத்துவிட்டது. மரியாதைக்குச் சொல்லவேண்டியது இவ்வளவுதான். இனி மரியாதை இல்லாத விஷயத்துக்கு வருகிறேன்.

ஆகஸ்டில் போனில் நீங்கள் என்னிடம் ஒன்று சொன்னீர்கள். "பழசா ஒரு செமி ஆட்டோ ரைஃபிள் வாங்கிக் குடுங்க மாப்ள, அடுத்த தோட்டா தானா ஏறிக்கிடும், பிரச்சனை தீந்துச்சு" என்றீர்கள். தீர்ந்ததா இல்லையா என்று நீங்களே படித்துச் சொல்லுங்கள்.

மார்ச்சில் எங்கள் சவுனா நீராவிக் குளியலறையின் வாசல்படியில் வழுக்கி விழுந்ததிலிருந்து லோர்னாவின் வலது கை நெஞ்சு உயரத்துக்கு மேல் போவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அவளுடைய பழைய ரைஃபிளில் ஒவ்வொரு தடவை சுட்ட பிறகும் கைப்பிடியைத் தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ள வேண்டும். அது இனி நடக்காது. இடது தோளில் வைத்துச் சுடலாம் என்றால் இடது கண்ணுக்கு மானும் மரமும் ஒன்றுதான். ஜூலையில் ஒருநாள் அந்தத் துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டு, ஃபிளானல் துணியில் சுற்றி, அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, "முப்பத்தெட்டு சீசன் போயாச்சு, போதும்" என்றாள். அழவில்லை மச்சான். டிவியில் நாய் பிஸ்கட் விளம்பரம் வந்தாலே மூக்கை உறிஞ்சுகிற பெண் அழாமல் நின்றாள். அதன்பிறகு அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து காட்டைப் பார்ப்பதுகூட நின்றுபோனது. நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்க்க ஆரம்பித்தாள். அப்போதுதான் உங்களுக்குப் போன் செய்தேன்.

நான் யார்? இருபத்தேழு வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளுக்கு மக்ரோனி கிண்டியவன். அவள் கொண்டுவந்த மானையெல்லாம் வறுத்தேன், அவித்தேன், பேஸ்டி என்ற மாவுப் பொதிக்குள் அடைத்தேன். ஆனால் துப்பாக்கி வெடிக்கிற சத்தம் கேட்டால் மேஜைக்கடியில் நாய் எங்கே போகுமோ அங்கே நானும் போவேன். அப்படிப்பட்டவன், உங்கள் பேச்சை நம்பி, இர்வினின் ஹார்ட்வேர் கடையில் பழைய துப்பாக்கிகள் வரிசையில் போய் நின்றேன். இர்வின் ஒன்றை எடுத்துத் தடவிக்கொடுத்தான்.

"இது நல்ல கையில இருந்த சாமான் டெல்பு. அந்த மனுஷன் வருஷத்துக்கு ஒரே ஒரு தடவதான் சுடுவாரு."

வருஷத்துக்கு ஒரு தடவை சுட்ட அந்த நல்ல மனிதர் ஆயுளுக்கு ஒரு தடவைகூட அதைச் சுத்தம் செய்யவில்லை என்பதை இர்வின் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அடுப்பாக இருந்திருந்தால் உள்ளே கைவிட்டுப் பார்த்திருப்பேன்.

லோர்னாவுக்குத் தெரியாமல் முதலில் நானே சோதித்துப் பார்க்கலாம் என்று, அவள் தோளுக்குப் பயிற்சி எடுக்கப் போகும் செவ்வாய்க்கிழமை பார்த்து, சரளைக்கல் குழிக்குப் போனேன். காதில் பஞ்சு, பஞ்சுக்கு மேல் காதுமூடி, அதற்கு மேல் கம்பளித் தொப்பி. கண்ணை மூடிக்கொண்டு சுட்டேன். கண்ணைத் திறந்து பார்த்தால், வெளியே தெறித்து விழவேண்டிய காலித் தோட்டா பாதியில் மாட்டிக்கொண்டு, கூரையில் புகைபோக்கி நிற்பது மாதிரி நட்டுக்கொண்டு நிற்கிறது. அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மறுபடியும் சுட்டேன். மறுபடியும் புகைபோக்கி. பத்துத் தோட்டாவுக்கு ஒன்பது புகைபோக்கி. ஒவ்வொரு தடவையும் பிடியைக் கையால் பின்னுக்கு இழுக்க வேண்டியிருந்தது. எந்த வேலையை அவள் தோளால் செய்ய முடியாதோ அந்த வேலையைச் செய்யச் சொல்லும் துப்பாக்கியைத்தான் நான் தேடிப்பிடித்து வாங்கியிருக்கிறேன்.

காப்பிக் கடையில் விசாரித்தேன். அங்கே நாலு பேர் இருந்தார்கள், ஆறு கருத்து வந்தது. மேகசின், அதாவது தோட்டா அடுக்கும் பெட்டி, சரியில்லை என்றார் ஒருவர். புது மேகசின் வாங்கினேன், சரியாகவில்லை. தோட்டாவில் வலு இல்லை என்றார் இன்னொருவர். வலுவானது வாங்கினேன், என் தோள் கத்தரிக்காய் நிறமானதுதான் மிச்சம். சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டும் யூஜின், "வறண்டு கெடக்குது டெல்பு. நல்லா எண்ணெய் குடு, குடிக்கட்டும்" என்றான். என்ன எண்ணெய் என்று அவனும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த இயந்திரம் ரொட்டி வெட்டும் இயந்திரம். அதற்கு இருபத்தேழு வருஷமும் சமையல் எண்ணெய்தான் விட்டேன், அது ஒருநாளும் குறை சொன்னதில்லை. விட்டேன். மூன்றாவது தோட்டாவில் துப்பாக்கியிலிருந்து டோனட் பொரிக்கும் வாசனை வந்தது. எங்கிருந்தோ ஒரு நாய் ஓடிவந்து என் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தது. மறுநாள் குளிரில் அந்த எண்ணெய் ஜாம் மாதிரி இறுகி, தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

வேறு வழியில்லாமல் அக்டோபர் இரண்டாம் வாரம், செவ்வாய்க்கிழமை, அவள் பயிற்சிக்குக் கிளம்பிப் போனதும், தோட்டா ஏதும் இல்லை என்று நாலுதரம் பார்த்துவிட்டு, சமையலறை மேஜையில் செய்தித்தாள் விரித்து அதைப் பிரித்தேன். பக்கத்தில் ஏலக்காய் ரொட்டிக்குப் பிசைந்த மாவு பாத்திரத்தில் பொங்கிக்கொண்டிருந்தது. ஒரு மூடியைத் திருகினேன், அவ்வளவுதான், உள்ளே இருந்த ஸ்பிரிங் துள்ளிக் குதித்து, கடிகாரத்தில் அடித்து, நாயின் முதுகில் விழுந்தது. அதோடு சேர்ந்து ஒரு சின்ன வளையமும் பறந்தது. ஸ்பிரிங்கை நாயிடமிருந்து மீட்டேன். வளையத்தைக் காணவில்லை. அடுப்புக்கு அடியில், பூட்ஸுக்குள், நாயின் வாயில், எல்லா இடத்திலும் தேடினேன். பிறகு, வளையம் இல்லாவிட்டால் என்ன குடி முழுகிவிடப்போகிறது என்று பூட்டி, நிலவறையில் ஒளித்துவைத்துவிட்டு, மாவை முறுக்கி ரொட்டி சுட்டேன்.

அன்று மாலை காப்பியோடு லோர்னா இரண்டாவது துண்டைக் கடித்தாள். நின்றாள். வாயிலிருந்து எதையோ எடுத்தாள். கைக்குட்டையால் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"டெல்பர்ட்."

"என்ன, உப்புக் குறைச்சலா?"

"இது பிஸ்டன் வளையம்."

"மிக்ஸர்ல இருந்து விழுந்திருக்கும்."

"மிக்ஸருக்கு எப்பய்யா பிஸ்டன் வந்துச்சு? எந்தத் துப்பாக்கி? எங்க வெச்சிருக்க?"

நான் போய் எடுத்துவந்து மேஜையில் வைத்தேன். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. "நான் போதும்னு சொன்னேன்ல? உன்கிட்ட யாரு கேட்டா?" என்றாள். குரல் அடுப்பில் தண்ணீர் பட்டது மாதிரி இருந்தது. நான் ரொட்டித் துணுக்குகளைக் கூட்டி ஒரு பக்கமாகக் குவித்துக்கொண்டிருந்தேன். முப்பத்தொன்பது வருஷத்தில் அவள் கேட்ட எதற்கும் எனக்குப் பதில் தெரியாமல் இருந்ததில்லை. பதில் பெரும்பாலும் 'சரி' என்பதுதான். அன்று 'சரி' போதவில்லை. "நீ சுவரப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க. என்னால அதப் பாக்க முடியல" என்றேன். எனக்கே கேட்காத குரலில்தான் சொன்னேன்.

அவள் துப்பாக்கியை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள்.

"என்னய்யா இது, டோனட் வாசன?"

உங்கள் தங்கையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். அவளால் என்மேல் கோபமாக இருக்க முடியும், கடவுள்மேல் கோபமாக இருக்க முடியும், ஆனால் அழுக்குத் துப்பாக்கி ஒன்றை மேஜையில் வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. "பழைய பல் பிரஷ் எடுத்துட்டு வா" என்றாள். அவள் இடது கையும் என் வலது கையுமாகச் சேர்ந்து பிரித்தோம். "பிடி. விடு. அந்தப் பக்கம் திருகு. அந்தப் பக்கம்னா இந்தப் பக்கம்." குழலுக்குக் கீழே ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. சுடும்போது அந்த வழியாகத்தான் புகை வந்து பிஸ்டனை உதைத்து, காலித் தோட்டாவை வெளியே தள்ளி, அடுத்ததை ஏற்ற வேண்டுமாம். அந்தத் துளை கரி ஏறி அடைத்துக் கிடந்தது. "இது மூச்சு விட முடியாம கெடந்திருக்கு, நீ என்னடான்னா சோறு ஊட்டிக்கிட்டு இருந்திருக்க" என்றாள். மார்ச்சுக்குப் பிறகு அன்றுதான் அவள் சிரித்தாள் மச்சான். நான் உடனே திரும்பி நாய்க்குத் தண்ணீர் வைத்தேன். என் முகம் அப்போது காட்டும்படி இல்லை.

இத்தோடு முடிந்தது என்றுதானே நினைப்பீர்கள்? நானும் நினைத்தேன். டாக்டர், துப்பாக்கியின் உதை மெதுவாக இருந்தால் பரவாயில்லை, தோளில் ஏதாவது மெத்தென்று வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுமதி கொடுத்தார். சூடான பாத்திரம் பிடிக்கும் என் பழைய கையுறையை அவளுடைய ஆரஞ்சு வேட்டைச் சட்டையின் தோளுக்குள் வைத்துத் தைத்தேன். சரளைக்கல் குழிக்குச் சேர்ந்து போனோம். நான் சுட்டால் ஐந்துக்கு ஐந்தும் சீராக ஏறி இறங்குகிறது. அவள் சுட்டால் இரண்டாவதில் புகைபோக்கி. மறுபடி நான்: ஒரு குறையும் இல்லை. மறுபடி அவள்: புகைபோக்கி. அவள் துப்பாக்கியைத் தாழ்த்தி மடியில் வைத்துக்கொண்டு ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்துவிட்டாள்.

"துப்பாக்கில ஒண்ணும் இல்ல டெல்பர்ட். என்கிட்டதான் கோளாறு."

"அதெப்படி?"

"இந்தப் பழைய சாமானுக்குப் பின்னாடி தாங்கிக்கிட ஒரு தோள் வேணும். அப்பத்தான் முழுசாப் பின்னாடி வந்து திரும்பும். எனக்கு வலிக்குமோன்னு பயம். சுடற நேரத்துல தோள் தானா நழுவிப் போயிருது. வேணும்னு செய்யல. நழுவிருது."

சொல்லிவிட்டு அழுதாள். ஜூலையில் அழாததையும் சேர்த்து அழுதாள். நான் இரண்டு மாதமாகத் துப்பாக்கியில் தேடிக்கொண்டிருந்த கோளாறு அங்கே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தது. எனக்கு ஆறுதல் சொல்ல வராது. சமையலறையில் கனமான சட்டியைத் தூக்கும்போது எதிரே நிற்பவர் அடியில் ஒரு கையைக் கொடுப்பார், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அவளை எழுப்பி நிறுத்தி, பின்னால் போய் நின்று, அவளுடைய தோள்பட்டையில் என் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டேன். "இப்ப எங்க நழுவும்? சுடு, பாப்போம்" என்றேன். சுட்டாள். காலித் தோட்டா பறந்துபோய் பனியில் 'ஸ்ஸ்' என்று விழுந்தது. இரண்டாவது. மூன்றாவது. ஐந்தும். கண்ணை மூடிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, கையை எடுக்காமல் நின்றேன். அதிலிருந்து தினமும் போனோம், இருபது நாள்.

நவம்பர் பதினைந்து, சீசனின் முதல் நாள், ஆயுளில் முதல் தடவையாக நானும் மறைவுக் குடிலுக்குள் போய் உட்கார்ந்தேன். மூன்று பேஸ்டி, ஒரு பிளாஸ்க் காப்பி. பேஸ்டிக் காகிதத்தை நான் பிரித்த சத்தத்தில் காட்டில் பாதி ஓடிப்போயிருக்கும். "அது என்னய்யா, பட்டாசு கொளுத்துறியா?" என்று பல்லைக் கடித்தாள். பத்து மணிக்கு ஒரு கொம்பு மான் வந்தது. அவள் மூச்சை விட்டாள். நான் கையை வைத்தேன். ஒரே தோட்டா. மான் நின்ற இடத்திலேயே விழுந்தது. காலித் தோட்டா வெளியே பறந்து, அடுத்த தோட்டா அழகாக உள்ளே ஏறி உட்கார்ந்து, சுட ஒன்றுமில்லாமல் காத்திருந்தது. அந்த இரண்டாவது தோட்டாவுக்காகத்தான் மச்சான், நான் மூன்று மாதம் உயிரை விட்டேன். ஒன்று போதுமென்றால் அவளுடைய பழைய ரைஃபிளே போதுமாக இருந்திருக்கும். இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவள் மானின் கழுத்தில் கையை வைத்து, வழக்கம்போல அதற்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள்.

இப்போது உங்களால் ஒரு காரியம் ஆக வேண்டும். அவளிடம் இன்னொரு மானுக்கும் அனுமதிச் சீட்டு இருக்கிறது. திங்கட்கிழமை எனக்குக் கண்ணில் புரை எடுக்கிறார்கள். சீசன் முடியும்வரை குடிலில் குந்தக் கூடாதாம். என் கை இல்லாமல் அவளால் சுட முடியாது. ஆகவே உங்கள் பட்டறையில் இரும்பில் ஒரு தாங்கி செய்து, அடுத்த வியாழன் நன்றி நவிலும் நாள் விருந்துக்கு வரும்போது கொண்டுவாருங்கள். நாற்காலி முதுகில் மாட்ட வேண்டும், அவள் தோள்பட்டைக்குப் பின்னால் உள்ளங்கை அளவுக்கு ஒரு தகடு இருக்க வேண்டும். என் கையைக் காகிதத்தில் வைத்து வரைந்து அனுப்பியிருக்கிறேன், கட்டைவிரல் தேவையில்லை. தகட்டின்மேல் கம்பளி ஒட்டுங்கள், இரும்பு குளிரும்.

பெவர்லி அக்காவுக்கு என் வணக்கம். வான்கோழி என் பொறுப்பு. உள்ளே எந்த உதிரிபாகமும் இருக்காது. உங்கள் வீட்டுக் கூரைமேல் பனி அளவாக விழட்டும், உங்கள் சவுனா எப்போதும் சூடாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உங்கள் அன்பு மாப்பிள்ளை
டெல்பர்ட்

பின்குறிப்பு: தாங்கி செய்ய வேண்டாம். உறை தேடி நான் எழுந்த நேரத்தில் லோர்னா இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டாள். 'என் கை இல்லாமல் அவளால் சுட முடியாது' என்ற இடத்தில் விரலை வைத்து, "இது பொய்" என்றாள். மூன்றாவது நாளே பயம் போய்விட்டதாம். தோள் அன்றிலிருந்து ஒரு தடவைகூட நழுவவில்லையாம். "அப்புறம் ஏன் சொல்லல? பதினேழு நாளு பனியில நின்னேனே!" என்று கேட்டேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்: "உன் கை சூடா இருந்துச்சு. நானா எடுக்கச் சொல்லுவேன்?"