புன்னை என்று சொன்ன மரம்

"ஏட்டி, இது எப்பக் காய்ச்சது?"

பலவேசத்தின் குரல் பாதிதான் வெளியே வந்தது. புறவாசலில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்ற மரத்தின் இலைகளுக்குள்ளே கருநீலமாக ஒரு பழம் தெரிந்தது. இலையை விலக்கினால் இன்னொன்று. எண்ணிக்கொண்டே போனான். முப்பத்தொன்று.

"சித்திரையிலேயே பிஞ்சு விட்டுட்டு. உங்ககிட்ட எப்பச் சொல்ல? இருட்டோட போறிய, இருட்டோட வாறிய," என்றாள் அவன் மனைவி முப்பிடாதி. இன்று நல்ல சாரல் என்று தோட்டத்தில் வேலையைச் சீக்கிரம் விட்டிருந்தார்கள். இல்லாவிட்டால் அவன் பார்த்திருக்கவே மாட்டான்.

பலவேசத்துக்குக் குற்றாலத்தில் ஐந்தருவிக்கு மேலே ஒரு துரையின் பழத்தோட்டத்தில் மண்வெட்டி வேலை. மங்குஸ்தான் மரம் இந்த வட்டாரத்தில் அங்கே மட்டும்தான் உண்டு. சாயங்காலம் வெளியே வருகிறவர்கள் வாசலில் வரிசையாக நின்று மடியை அவிழ்த்துக் காட்ட வேண்டும், தலைத்துண்டை உதற வேண்டும். காவல்காரர் நயினார் ஒவ்வொருத்தனையும் பார்த்துவிட்டுத்தான் விடுவார். ஒரு விதைகூட வெளியே போகக் கூடாது. போன வருஷம் ஒருத்தன் மடியிலிருந்து ஒரே ஒரு சாதிக்காய் விழுந்தது. அவன் மூன்று மாதம் ஜெயிலில் இருந்துவிட்டு வந்தான். பிறகு அவனுக்கு எந்தத் தோட்டத்திலும் வேலை கிடைக்கவில்லை.

பதினான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், பலவேசம் ஒரு மங்குஸ்தான் விதையைக் கன்னத்தில் அடக்கி, அதோடு வெற்றிலையையும் போட்டுக் குதப்பிக்கொண்டு வெளியே வந்துவிட்டான். மடியைத்தான் பார்த்தார்கள். வாயைத் திறக்கச் சொல்லவில்லை. ஏன் அப்படிச் செய்தான் என்று அவனுக்கே தெரியாது. நாள் முழுக்கக் குனிந்து வெட்டுகிறவனுக்கு, அந்த மண்ணிலிருந்து ஒன்றாவது தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று தோன்றியிருக்கும்.

முளைத்து வந்ததும் கேட்டவர்களிடம், "புன்னை," என்றான். இலை அப்படித்தான் இருந்தது. இத்தனை வருஷமும் மரம் சும்மா நின்றது. அவனுக்கும் பயம் விட்டுப்போயிருந்தது.

மறுநாள் சாயங்காலம் வாசலில் மடியை அவிழ்க்கும்போது நயினார் அவன் காதுப் பக்கம் குனிந்தார்.

"ஏலே பலவேசம், உங்க மேலகரத்துப் பக்கம் யாரு வீட்டிலயாவது மங்குஸ்தான் மரம் நிக்கா? கேள்விப்பட்டியா?"

"இ... இல்ல அண்ணாச்சி."

"வெள்ளிக்கிழமை துரை வாராரு. தோட்டத்து மரத்துல நிக்கிற பழத்தை எண்ணப் போறாரு. யாரு கண்ணுலயாவது பட்டா எங்கிட்டதான் முதல்ல சொல்லணும், என்ன?"

சாரல் அடித்துக்கொண்டிருந்தது. பலவேசத்துக்கு வேர்த்தது. அவிழ்த்த மடியைக் கட்ட மறந்து, வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டே பாதி வழி வந்துவிட்டான்.

வீட்டுக்கு வந்தால் அடுத்த வீட்டுப் பேச்சித்தாய் மரத்தடியில் அண்ணாந்து நிற்கிறாள்.

"என்ன அண்ணே, உங்க புன்னை இந்த நெறத்துல காய்க்கு? யுத்தம் வந்ததுலேருந்து மண்ணெண்ணெய்க்குப் போத்தலைத் தூக்கிட்டு அலையுதேன். ரெண்டு படி கொட்டை குடுங்க, விளக்கெரிக்க எண்ணெய் ஆட்டிக்கிடுதேன்."

"தொடாதே!" என்று கத்தினான் பலவேசம். "அது... அது மலைப்புன்னை. விஷம். பட்ட கையை வாயில வச்சாலே ஆளு காலி."

பேச்சித்தாய் இரண்டு கையையும் சேலையில் துடைத்துக்கொண்டே ஓடினாள்.

அவள் போனதும் பழத்தையெல்லாம் பறித்து ஒரு ஓலைக் கடகத்தில் போட்டான். எங்கே ஒளிப்பது? கிணற்றில் போட்டால் மிதக்கும். புதைத்தால் நாய் கிளறும்.

"தின்னுருவோம்," என்றான் மனைவியிடம்.

"முப்பத்தொண்ணையுமா?"

"வயித்துக்குள்ள போனா எந்தக் காவக்காரன் பார்க்கப் போறான்?"

இரண்டு பேரும் அடுப்படியில் உட்கார்ந்து தின்றார்கள். பதினான்கு வருஷம் காத்திருந்த பழம். ருசி என்ன என்று அவனுக்குத் தெரியவே இல்லை. பல்லால் கடித்துப் பழத்தின் ஓட்டைப் பிளந்தான், சுளையை விழுங்கினான், அடுத்ததை எடுத்தான். முப்பிடாதி மூன்றோடு நிறுத்திவிட்டு ஓடுகளை எல்லாம் ஒரு சட்டியில் சேர்த்தாள். துணிக்கு ரேஷன் போட்ட காலம். சாயம் காய்ச்சினால் வெளுத்துப்போன சேலை ஒன்று தேறும் என்பது அவள் கணக்கு.

பன்னிரண்டாவது பழத்தில் ஜன்னலில் ஒரு தலை தெரிந்தது.

"ஐயையோ! விஷத்தைத் திங்குதாங்களே! புருசனும் பொண்டாட்டியும் சேந்து திங்குதாங்களே!"

பேச்சித்தாயின் சத்தத்துக்குத் தெருவே திரண்டு வந்தது. ஓட்டுச் சாறு பட்டுப் பலவேசத்தின் உதடு, விரல், மோவாய் எல்லாம் கருநீலமாக இருந்தன.

"நீலம் பாரிச்சுட்டு! புடிங்கப்பா, புடிங்க!"

"விஷம் இல்ல, விடுங்க!" என்றான் பலவேசம்.

"அப்ப என்ன பழம்லே அது?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

பலவேசம் வாயைத் திறந்தான். வாசலில் மடி அவிழ்த்து நிற்கிற வரிசை கண்ணுக்கு முன்னால் வந்தது. ஜெயில் வந்தது.

"விஷம்தான்," என்றான்.

அவ்வளவுதான். நாலு பேர் அவனை அமுக்கிப் பிடித்தார்கள். சோப்புக் கிடைக்காத நாளில் துணி வெளுக்க முப்பிடாதி கரைத்து வைத்திருந்த பூந்திக்கொட்டைத் தண்ணீரைப் பேச்சித்தாய் செம்பு செம்பாக அவன் வாயில் ஊற்றினாள். நுரை வந்தது. "நுரை தள்ளுதான், இன்னும் ஊத்து!" என்றார்கள். பன்னிரண்டு பழமும் வெளியே வந்த பிறகும் ஊற்றினார்கள். மூன்று தின்ற முப்பிடாதிக்கும் ஒரு செம்பு. கடகத்தில் மிச்சமிருந்த பழத்தையும், சட்டியிலிருந்த ஓடுகளையும் பிள்ளைகள் எடுத்துவிடக் கூடாதென்று குழியில் கொட்டி மிதித்து, மேலே சுண்ணாம்பும் போட்டு மூடினார்கள்.

மறுநாள் புதன்கிழமையும் அதற்கடுத்த வியாழக்கிழமையும் பலவேசம் வேலைக்குப் போகவில்லை. எழுந்தால் தலை சுற்றியது. ஆனாலும் மனதுக்குள் ஒரு ஆறுதல் இருந்தது. பழம் ஒழிந்தது.

வியாழன் மத்தியானம் பேச்சித்தாய் கஞ்சியோடு வந்தாள்.

"சந்தையில நயினார் அண்ணாச்சியைப் பார்த்தேன். ரெண்டு நாளா உங்களைக் காணலியேன்னு கேட்டாரு. நடந்ததைச் சொன்னேன். காய் எப்படி இருந்ததுன்னு கேட்டாரு. உச்சியில பச்சையாத் தொப்பி வச்சிருக்கும், அடியில குட்டிப் பூ மாதிரி ஒரு வடு இருக்கும்னேன். மரத்துல மிச்சம் நிக்கான்னு கேட்டாரு, நிக்கும்னேன். அவருக்கு முகமே மாறிட்டு அண்ணே! சாயங்காலம் வாராராம். யாருகிட்டயும் சொல்லாதேன்னாரு."

பலவேசம் கஞ்சியைக் கீழே வைத்தான்.

அவள் படி இறங்கும் முன்னே பலவேசம் கோடாலியை எடுத்துவிட்டான்.

"வேண்டாம்! பதினாலு வருசம்லா!" என்று முப்பிடாதி மரத்தைக் கட்டிக்கொண்டாள்.

"மரம் நின்னா நான் ஜெயிலுக்குப் போவேன். எது வேணும், சொல்லு."

அவள் கையை எடுத்தாள். கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டுதான் எடுத்தாள்.

அவன் வெட்டினான். இரண்டு வெட்டுக்கு ஒருதரம் உட்கார்ந்தான். வெட்டுவாயில் மஞ்சளாகப் பால் கசிந்தது. மரம் சாய்ந்ததும் தறித்து, விறகாக அடுக்கி, மேலே ஓலையைப் போட்டு மூடினான். அடிக்கட்டையை மூடச் சாக்குத் தேடும்போதே புறவாசல் கதவு திறந்தது.

நயினார். தனியாக வந்திருந்தார். தோளில் ஒரு சாக்கு இருந்தது. உள்ளே வந்ததும் கதவைத் தாழ்ப்பாள் போட்டார்.

"எங்கலே மரம்?"

பலவேசம் தடாலென்று காலில் விழுந்தான்.

"அண்ணாச்சி, மடியில இல்ல, வாயில வச்சுக் கொண்டுவந்தேன். ஒரே ஒரு விதை. தோட்டத்துப் பழத்தை நான் தொட்டதே இல்ல. பழத்தை ஒழிச்சிட்டேன், மரத்தையும் வெட்டிட்டேன். ஜெயிலுக்கு மட்டும் அனுப்பிராதிய!"

தலையைத் தூக்கிப் பார்த்தான். நயினார் பால் கசிகிற அடிக்கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதன்மேலேயே உட்கார்ந்தார். தன் மடியை அவிழ்த்து, மெல்லிசாகக் கிழித்த வாழைநார்க் கட்டு ஒன்றை வெளியே எடுத்தார்.

"பாவிப்பயலே, தோட்டத்துப் பழம் பூராத்தையும் சாரலுக்குக் குளிக்க வந்தவங்ககிட்ட நான்தாம்லே வித்துட்டேன், நாளைக்குத் துரை எண்ண வாரதுக்குள்ள உன் மரத்துப் பழத்தைக் கொண்டுபோய்க் கொப்புல கட்டித் தொங்கவிடலாம்னு நாரெல்லாம் கிழிச்சுக் கொண்டாந்திருக்கேன்லே!"