அத்தையைத் தனியாக மேடேற்றிய வெள்ளிக்கிழமை

மாமனாருக்கு ஊர் சுற்றிக் காட்டுவது எல்லாருக்கும் கைவரும் காரியமில்லை. எனக்கு வரவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் பரமக்குடிக்காரன். எங்கள் ஊரில் நாலு தூறல் விழுந்தால் கடைக்குள் இருக்கிறவர்கள்கூட வெளியே வந்து வானத்தைப் பார்ப்பார்கள். அப்பேர்ப்பட்டவன், கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து வந்த ஒரு மனிதரைக் கூட்டிக்கொண்டு போய் மழையைக் காட்டினேன்.

நடந்த இடம் சலாலா. ஓமான் நாட்டின் தெற்குக் கோடியில், கடலோரமாக இருக்கும் நடுத்தரமான ஊர். இரண்டாயிரங்களின் நடுவில் அங்கே ஓர் ஏ.சி. மெயின்டனன்ஸ் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தேன். மனைவி ஸ்டெல்லாவுக்கு ஏழாம் மாதம். பேறுகாலம் பார்ப்பதற்காக அவளுடைய அப்பாவும் அம்மாவும் மூன்று மாத விசிட் விசாவில் வந்திறங்கினார்கள். மாமா முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அதிகம் பேச மாட்டார். பேசினால் அது பெரும்பாலும் என்னைப் பற்றிய அபிப்பிராயமாக இருக்கும்.

அப்போது ஜூலை மாதம். வளைகுடா முழுக்க வெயிலில் வேகும்போது சலாலாவில் மட்டும் சாரல் அடிக்கும், மலையெல்லாம் பச்சையாகிவிடும். துபாயிலிருந்தும் ரியாத்திலிருந்தும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கார் ஓட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாக வந்து, மழையில் பாய் விரித்து, நனைந்துகொண்டே சாப்பிடுவார்கள். இப்படி ஓர் ஊரில் மூன்று மாதம் இருக்கக் கசக்குமா என்று நினைத்தேன்.

நாலாம் நாள் காலையிலேயே மாமா என்னைக் கூப்பிட்டார்.

"மருமவனே, எனக்க டிக்கெட்ட மாத்திப் போடுங்க. டிவியில பேசுகது ஒண்ணும் வெளங்கல்ல. பேசதுக்கு ஆளும் இல்ல. இருப்புக் கொள்ளல்ல, கேட்டியளா?"

மாமா போனால் அத்தையும் போய்விடுவார். (கல்யாணமான நாளிலிருந்து அத்தை மாமாவை விட்டு ஒரு ராத்திரிகூடத் தனியாக இருந்ததில்லையாம். இதைப் பெருமையாகச் சொன்னார்கள். நான் காலண்டரைப் பார்த்தேன்.) அத்தை போய்விட்டால் பிரசவ நேரத்தில் வீட்டில் நானும் ஸ்டெல்லாவும் மட்டும்தான். எனக்கு வெந்நீர் வைக்கத் தெரியும். அதுவும் கரண்ட் கெட்டிலில்.

ஸ்டெல்லா சமையலறையில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அம்மா இல்லாம என்னால முடியாதுங்க. அப்பாவ எப்படியாவது இங்க பிடிச்சு வையுங்க. அவருக்கு நேரம் போனா போதும்."

அன்று ஆபீஸில் வேலை எதுவும் பார்க்கவில்லை. 'சலாலாவில் பார்க்க வேண்டியவை' என்று தலைப்புப் போட்டு, கோடு கிழித்து, பட்டியல் தயார் செய்தேன். எந்தச் சுற்றுலா வழிகாட்டியும் அவ்வளவு அழகாக எழுதியிருக்க மாட்டான்.

முதல் நாள் தென்னந்தோப்பு. சாலையோரம் ஓலை வேய்ந்த இளநீர்க் கடைகள் வரிசையாக இருக்கும். வளைகுடாவில் தென்னை மரமா என்று எல்லாரும் வாய் பிளப்பார்கள். மாமா பிளக்கவில்லை. இளநீரைக் குடித்துவிட்டு, "எனக்க வீட்டுப் பொறத்தால நாப்பது மூடு தென்ன நிக்கி" என்றார். அடுத்த நாள் அருவி. "திற்பரப்பு கண்டிருக்கியளா?" என்று தங்கள் பக்கத்து அருவியைக் கேட்டார். நான் கண்டதில்லை. அதோடு அருவி முடிந்தது. சாம்பிராணிச் சந்தையில், கோயிலில் காணாத சாம்பிராணியா என்று வாசலிலேயே நின்றுகொண்டார். முக்சைல் கடற்கரையில் பாறைத் துவாரங்கள் வழியாகக் கடல் தண்ணீர் இருபதடி உயரத்துக்குப் பீறிட்டு அடிக்கும். பிள்ளைகள் கூச்சல் போட்டுக் குதிக்கிறார்கள். மாமா அமைதியாகச் சொன்னார்: "ஓட்டை இருக்கு, வெள்ளம் வருது. பின்ன என்ன செய்யும்?"

மலை மேல், பைபிளில் எல்லாச் சோதனைகளையும் பொறுத்துக்கொண்ட யோபுவின் கல்லறையில் மட்டும் தலைப்பாகையாய்க் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார். வெளியே வந்ததும் பெருமூச்சு விட்டு, "பாவம், ரொம்பப் பொறுத்திருக்காரு" என்றார். அப்போது அவர் என்னைப் பார்த்தது தற்செயல் என்றுதான் இன்றுவரை நம்பி வருகிறேன்.

பட்டியலில் மிச்சமிருந்தது ஒன்றுதான். மிர்பாத் போகும் வழியில் ஒரு சாலை. அங்கே காரை நியூட்ரலில் போட்டால் தானாக மேட்டில் ஏறும். உண்மையில் அது இறக்கம்தான், சுற்றியுள்ள மலைகள் கண்ணை ஏமாற்றுகின்றன என்பார்கள். எப்படியானாலும் நாகர்கோவிலில் இது கிடையாது. ஒரு டிரைவரை மடக்க இதைவிட வேறென்ன வேண்டும்?

வெள்ளிக்கிழமை, லீவு நாள். ஸ்டெல்லாவுக்குக் கால் வீங்கியிருந்ததால் வீட்டிலேயே இருந்துவிட்டாள். முன்னால் நானும் மாமாவும், பின்னால் மடியில் சோற்றுக் கேரியரோடு அத்தை. போகவேண்டிய இடத்தில் காரை நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, இரண்டு கையையும் மேலே தூக்கிக் காட்டினேன். கார் மெல்ல மேடேறியது.

மாமா என் காலைக் குனிந்து பார்த்தார். "ஆக்சிலேட்டர மிதிக்கிய."

"இல்ல மாமா, சத்தியமா!"

"முப்பது வருசம் ஓட்டுனவன்ட்ட வெளையாடாதிய."

இறங்கி முன்னால் போய் நின்று பார்க்கிறேன் என்றார். காரைப் பின்னுக்கு எடுத்துப் பழைய இடத்தில் நிறுத்தி, அவரை இறக்கிவிட்டேன். ஐம்பது அறுபது அடி முன்னால் நடந்து, சாலையில் குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மட்டம் பார்த்தார். நான் மறுபடி நியூட்ரலில் போட்டேன். கார் நகர்ந்தது. "மிதிக்கிய! மிதிக்கிய!" என்று அங்கிருந்தே கத்தினார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ரோஷம் வந்தால் எனக்குப் புத்தி வேலை செய்யாது. (இது மனைவி வீட்டார் கருத்து. எங்கள் வீட்டில், ரோஷம் வராவிட்டாலும் வேலை செய்யாது என்பார்கள்.) கார் நடக்கிற வேகத்தில்தானே போகிறது! கதவைத் திறந்தேன். ஒரு காலை வெளியே வைத்தேன். இன்னொரு காலையும் வைத்தேன். ரோட்டில் நின்று, இரண்டு கால்களையும் சுட்டிக்காட்டி, "இப்ப யார் மாமா மிதிக்கிறா?" என்று வெற்றி முழக்கமிட்டேன்.

யாரும் மிதிக்கவில்லை. அதுதான் பிரச்சினை. கதவைத் திறந்து போட்டபடி கார் அத்தையை ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது.

"ஏசுவே! வண்டியில ஆளில்ல!" என்று அத்தை அலறியது மலையில் எதிரொலித்தது. நான் ஓடினேன். செருப்பு ஒன்று கழன்றது. நடக்கிற வேகம் ஓடுகிற வேகமாகி, அப்புறம் ஒற்றைச் செருப்புக்காரனால் எட்ட முடியாத வேகமாகிவிட்டது. கொஞ்சம் தள்ளிச் சாலை வளைகிற இடத்தில், ஓர் ஓமானிக் குடும்பம் பாய் விரித்துத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தது. கார் நேராக அவர்களைப் பார்த்துப் போனது.

மாமா எழுந்தார். அறுபது வயது மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, காரோடு நாலு எட்டு ஓடி, திறந்திருந்த கதவு வழியாக உள்ளே பாய்ந்தார். இடப்பக்க ஸ்டியரிங் வண்டியை அதுவரை அவர் ஓட்டியதே இல்லை. கியரைத் தேடிய இடது கை வெறும் காற்றைத்தான் பிடித்ததாம். ஆனால் கால் பிரேக்கை மிதித்துவிட்டது. பாய்க்கு நாலடி முன்னால் கார் நின்றது.

நான் மூச்சிரைக்க ஒற்றைச் செருப்போடு போய்ச் சேர்ந்தேன். அத்தையின் புடவை முழுக்க மீன்குழம்பு. ஓமானிப் பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "மாஃபி முஷ்கில்" என்றார். பிரச்சினை இல்லை என்று அர்த்தம். அவர் வீட்டுப் பெண்கள் அத்தையைக் கைத்தாங்கலாகப் பாயில் உட்கார வைத்து, முதல் தேநீரைக் கொடுத்தார்கள். எனக்குக் கடைசியில்தான் கிடைத்தது. வெட்கத்தில் அதன் ருசிகூடத் தெரியவில்லை.

மாமா இன்னும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். வந்த நாளிலிருந்து பார்க்காத ஒரு பளபளப்பு அவர் முகத்தில் இருந்தது. "வண்டிக்கு பிரேக் கொள்ளாம்" என்றார். சலாலாவில் அவர் நல்லாயிருக்கிறது என்று சொன்ன முதல் பொருள் அதுதான்.

வீட்டுக்கு வந்ததும் ஸ்டெல்லாவிடம் அத்தை ஒன்றுவிடாமல் சொன்னார். நான் குளியலறையில் ஒளிந்திருந்தேன். இனி நாளைக்கே ஊருக்குப் புறப்படுவார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது மாமாவின் குரல் கேட்டது.

"டிக்கெட்ட மாத்தாண்டாம் மோளே. அம்மையயே வண்டியில தனியா விட்டவரு. உன்ன இவருகிட்ட ஒப்படைச்சிட்டு நான் எப்பிடிப் போவேன்?"

பன்னிரண்டு ஐட்டப் பட்டியலால் முடியாத காரியத்தை என் மடத்தனம் ஒரே நிமிடத்தில் முடித்து வைத்தது. அவமானம்தான். ஆனாலும் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு உள்ளேயே சிரித்தேன்.

விசா முடிகிற நாள் வரை இருவரும் இருந்தார்கள். செப்டம்பரில் வலி கண்டபோது ஆஸ்பத்திரிக்கு நான்தான் ஓட்டினேன். மாமா பக்கத்தில் உட்கார்ந்து, வழி முழுக்க ஹேண்ட் பிரேக் மேல் கையை வைத்திருந்தார். அந்தக் கை அங்கே இருந்தது எத்தனை தெம்பு என்று அவரிடம் சொன்னதில்லை. பெண் குழந்தை. அத்தைதான் முதலில் வாங்கினார்.

அந்தக் குழந்தை இப்போது கல்லூரியில் படிக்கிறாள். நான் நாலு கார் மாற்றிவிட்டேன். இன்றைக்கும் அவர்களை ஏற்றிக்கொண்டு எங்கே போய் நிறுத்தினாலும் பின் சீட்டிலிருந்து அத்தையின் குரல் வரும்.

"எல்லாரும் எறங்குங்க பிள்ளைகளே. மருமவனே, நீங்க அசையாதிய. நீங்க கடைசியில எறங்குனா போதும்."