பாரா சாஸ்திரிகள் போட்ட மாற்றல் உத்தரவு

டெல்லியில் என்றைக்காவது சர்க்கார் மொத்தமாக நின்றுபோனால், அதை மறுபடி ஓடவைக்க எங்கள் ஆர்.கே.புரத்து பாரா சாஸ்திரிகள் ஒருவர் போதும். பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை மட்டும் இருக்க வேண்டும்.

அவருடைய நிஜப் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. விடிகாலையில் கணபதி ஹோமம், பகலில் மத்திய சர்க்காரில் செக்‌ஷன் ஆபீசர் என்று காலம் தள்ளி ரிடையர் ஆனவர். ஹோமம் ஆபீஸுக்குள் போகவில்லை. ஆபீஸ்தான் ஹோமத்துக்குள் வந்துவிட்டது. யார் எதைக் கேட்டாலும் பாரா எண் போட்ட கடிதம்தான் பதில். ஆயுஷ்ஹோமத்துக்கு நாள் கேட்டு என் மனைவி ஜெயா வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பினாள். மனிதர் எதிர் பிளாக்கிலிருந்து படியேறி வந்து, ஒரு முழுப் பக்கக் கடிதத்தை நின்றபடி வாசித்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து கேட்டார்.

"மாமா, வெள்ளிக்கிழமைன்னு ஒரு வார்த்தை அடிச்சிருந்தா போறாதா?"

"அச்சா! நாளைக்கு எவனாவது வந்து ஏன் வெள்ளிக்கிழமைன்னு கேட்டா? ரிகார்டு வேண்டாமா?"

போன பிப்ரவரியில் எனக்கு மஞ்சள் காமாலை. மார்க்கெட்டில் நின்றபடி தின்ற கோல்கப்பாவின், அதாவது நம்மூர் பானிபூரியின், கைங்கரியம். டாக்டர் படுத்துக்கொள் என்றார், படுத்தேன். அதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை. சிரமமெல்லாம் என் மகள் மதுவுக்குத்தான். பன்னிரண்டாம் வகுப்பு போர்டு பரீட்சை அடுத்த வாரம். அவளோ புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, என் கட்டிலோரம் உட்கார்ந்து, மொபைல் டார்ச்சை என் கண்ணில் அடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, நேத்தைவிட ஜாஸ்தி பீலா இருக்கு!" என்பாள், மஞ்சளை ஹிந்தியில். அப்புறம் அழுகை. "நான் எக்ஸாம் எழுதப் போறதில்லை. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

விளையாட்டாகச் சொல்லவில்லை, நிஜமாகவே சொன்னாள். காமாலையைவிட அந்தப் பேச்சுதான் எனக்குப் பெரிய வியாதியாகிவிட்டது. ஜெயா போய் சாஸ்திரிகளிடம் புலம்பினாள். மறுநாள் காலை கடிதம் வந்துவிட்டது.

'பொருள்: தங்கள் மஞ்சள் காமாலையும் மதுவின் பரீட்சையும். பாரா ஒன்று: நோயாளி படுத்திருக்க வேண்டும். படுத்துக்கொண்டே குடும்பத்தை நடத்தக் கூடாது. பாரா இரண்டு: படிக்கிற பெண் படிக்க வேண்டும். கண் எவ்வளவு மஞ்சள் என்று பார்ப்பது டாக்டரின் வேலை. அதற்குத்தான் அவருக்கு ஃபீஸ். பாரா மூன்று: பாரா ஒன்றையும் பாரா இரண்டையும் ஒரே வீட்டில் வைப்பது உசிதமல்ல.'

நல்ல கடிதம்தான். அதோடு நிறுத்தியிருந்தால் நாங்கள் பிழைத்திருப்போம். ஆனால் ஆபீசில் பழகிய கை சும்மா இருக்குமா? கடைசியில் 'நகல்: பிளாக்கில் உள்ள எல்லாத் தமிழ்க் குடும்பங்களுக்கும், தகவலுக்கும் தகுந்த நடவடிக்கைக்கும்' என்று எழுதி, ஜெராக்ஸ் எடுத்து, தானே வீடுவீடாகக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

சர்க்கார் குடும்பங்கள். 'தகுந்த நடவடிக்கை' என்று எழுத்தில் பார்த்தால் சும்மா இருப்பார்களா? மத்தியானத்துக்குள் கீழாநெல்லி எங்கள் வீட்டில் புல்லுக்கட்டு மாதிரி குவிந்துவிட்டது. விஷயம் எப்படியோ கசிந்து, கீழ்வீட்டு பஞ்சாபி ஆன்ட்டி கரும்புச்சாறு ஜக்கோடு வந்து, "பீ லோ பையா, ஜல்தி!" என்று, சீக்கிரம் குடிக்கச் சொல்லி, என் தலைமாட்டிலேயே நின்றார். ஹாலில் ரிடையரான இரண்டு ஆபீசர்கள் மதுவுக்குக் கணக்கு சொல்லித்தர வந்து, எந்த வழி சரி என்று தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டார்கள். மது பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதாள்.

ஜெயா செருப்புகூடப் போடாமல் கடிதத்தோடு எதிர் பிளாக்குக்கு ஓடினாள்.

"என்ன மாமா இது? ஊரையே கூப்பிட்டு விட்டுட்டேளே! குழந்தை பரீட்சையே வேண்டாங்கறா!"

சாஸ்திரிகள் கடிதத்தை வாங்கிக் கடைசி வரியைப் படித்தார். முகம் தொங்கிப்போயிற்று. "அரே ராமா! 'தகவலுக்கு மட்டும்'னுதானே போட்டிருக்கணும்! சர்வீஸ்ல ஒரு நாள்கூட இப்பிடி ஒரு பிசகு பண்ணினதில்லையே, ஜெயா!" என்றார். உடனே ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார்.

சாயங்காலம் என் கையில் உத்தரவு வந்தது. 'நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு, நோயாளி உடனடியாக எதிர் பிளாக்கிலுள்ள என் வீட்டுக்கு மாற்றப்படுகிறார். பயணப்படி கிடையாது.'

இதன் மகிமை புரிய வேண்டுமானால் ஒன்று சொல்ல வேண்டும். மாமி காலமான பிறகு அவர் தனிக்கட்டை. ஆசாரத்தில் நெருப்பு. அவர் வீட்டில் ஒரு டம்ளரை நாம் தொட்டுவிட்டால் அதை மூன்று தரம் அலம்புவார். அப்பேர்ப்பட்டவர் தன் கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டு, தரையில் பாயைப் போட்டுக்கொண்டார். நான் எச்சில் பண்ணிய டம்ளரைத் தன் கையால் கழுவினார். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கீழாநெல்லியோடு வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பினார்.

தினமும் காலையில் என் வீட்டுக்கு அறிக்கை போகும். 'பாரா ஒன்று: நோயாளி மோர்க்கஞ்சி சாப்பிட்டார். பாரா இரண்டு: ஊறுகாய் கேட்டார், கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. பாரா மூன்று: கண்ணில் மஞ்சள் குறைகிறது. நானே டார்ச் அடித்துப் பார்த்தேன். மது வரத் தேவையில்லை.' மதுவுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். ஜெயா வாசிக்க, அவள் விழுந்து விழுந்து சிரிப்பாளாம். சிரித்து முடித்துவிட்டுப் புத்தகத்தைத் திறப்பாளாம். எல்லாப் பரீட்சையையும் எழுதினாள், பாஸும் ஆனாள்.

கடைசிப் பரீட்சை முடிந்த அன்று நான் வீடு திரும்பினேன். சாஸ்திரிகள் என் பையைத் தூக்கிக்கொண்டு படி வரை வந்தார். "இன்னும் ரெண்டு நாள் எக்ஸ்டென்ஷன் வேணும்னா போடலாம்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

அன்றிலிருந்து, மனசுக்குத் தோன்றும்போதெல்லாம் உடம்பு சரியில்லை என்று சொல்லிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய்விடுகிறேன். எனக்கு ஒன்றுமில்லை என்று அவருக்கும் தெரியும். ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்க் கஞ்சிக்கு அரிசி களைகிறார்.