மலைப்பூனை ஜெயிக்கும்

மேசைத் தொலைபேசி அலறியது. விளையாட்டு விமர்சகர் பாய்ந்து எடுத்தார். எதிர் மேசையில் ராசிபலன் எழுதிக்கொண்டிருந்த சோதிடர் தலையைத் தூக்காமலே கேட்டார்.

"இன்னைக்கு யாரு விழுந்தாங்க?"

விழுந்தது 'மலைப்பூனை' என்று பட்டப்பேர் வாங்கிய வீரன். ஏழு நாள் சைக்கிள் பந்தயத்தின் மூன்றாம் நாள் அது. 'இவன் கெண்டைக்காலைப் பார்த்தாலே போதும், கோப்பை இவனுக்குத்தான்' என்று விமர்சகர் காலையில்தான் அரைப் பக்கம் எழுதியிருந்தார். மலைப்பூனை மலை வரைக்கும்கூடப் போகவில்லை. சமதரையில், ஒரு வேகத்தடையில் குப்புற விழுந்திருந்தான்.

முதல் நாள் அவர் புகழ்ந்தவனுக்கு வயிற்றுப்போக்கு. இரண்டாம் நாள் புகழ்ந்தவன் வழிதவறி, பந்தயமே இல்லாத ஊருக்குள் முதலாவதாக நுழைந்தான்.

பத்திரிகை ஆசிரியர் கூப்பிட்டனுப்பினார்.

"ஏன்யா, நீ சைக்கிள் ஓட்டியிருக்கியா?"

"வீட்டுல உடற்பயிற்சி சைக்கிள் இருக்கு சார்."

அதில் மனைவி துணி காயப்போடுவதை அவர் சொல்லவில்லை.

நான்காம் நாளுக்கு, எதற்கு வம்பென்று ஐந்து பேரை ஒன்றாகப் புகழ்ந்துவைத்தார். பேர் தெரியாத ஆறாவது ஆள் ஜெயித்தான்.

"நாளைக்கு மலையாச்சே சார்," என்றார் சோதிடர். "பெரிய ஆளுங்க எல்லாம் காத்து படாம அடுத்தவன் முதுகுக்குப் பின்னாடி ஒளிஞ்சு, கால் பலத்தைச் சேர்த்து வைப்பாங்க. இன்னைக்கு மாதிரி நாள்ல எவனோ ஒருத்தன்தான் முன்னாடி ஓடுவான்."

"நீங்க உங்க சனி, செவ்வாயைப் பாருங்க சார்!"

அதற்குள் ஆசிரியரே வந்துவிட்டார். "ஜோசியர் இந்த வாரத்தோட ரிட்டயர் ஆகறார். நாளைக்கும் உன் கணிப்பு தப்பாப் போச்சுன்னா, ராசிபலன் நாற்காலி உனக்குத்தான்யா!"

விமர்சகர் எதிர் மேசை நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, 'வாய்க்கு வந்ததை அடிச்சு விடற பிழைப்பு' என்று அவர் கேலி செய்த நாற்காலி அது. அதில் உட்கார்ந்தால், அந்தக் கேலிக்குக் கூடச் சேர்ந்து சிரித்த மச்சான் முகத்தில் எப்படி விழிப்பது?

அன்று யார் பெயரையும் தொடாமல் எழுதினார்.

'மலையேற்றத்தில் பொறுமை காப்பவருக்கு அனுகூலம். தோழன் முதுகு காற்றைத் தடுக்கும். ஆனால் தோழனை முழுதாக நம்ப வேண்டாம். இறக்கத்தில் வாகன விஷயத்தில் கவனம் தேவை.'

மறுநாள் அத்தனையும் பலித்தது. பொறுமையாக வந்தவன் ஜெயித்தான். முன்னால் போய்க் காற்றைத் தடுத்த தோழன், உச்சிக்குப் பக்கத்தில் தன் தலைவனையே கழற்றிவிட்டான். இறக்கத்தில் இரண்டு பேர் புதருக்குள் போனார்கள். ஓர் அணியின் மேலாளர் தொலைபேசியில் கத்தினார்: "எங்க ரகசியத் திட்டம் உங்களுக்கு எப்படிய்யா தெரிஞ்சுது?"

ஆசிரியர் ஓடிவந்து கட்டிக்கொண்டார். "ஒரு வரி தப்பலையே! என்னா எழுத்துய்யா!"

"அப்ப என் நாற்காலி பொழைச்சுது சார்."

"இந்தத் திறமையைச் சைக்கிள்ல வீணாக்க விடுவேனா? திங்கக்கிழமைலேர்ந்து ராசிபலன் நீதான்!"

விமர்சகர் எதிர் மேசையருகே போய்த் தொப்பென்று உட்கார்ந்தார். சோதிடர் இழுப்பறையைக் காலிசெய்துகொண்டிருந்தார்.

"எனக்கு ஜோசியத்துல அட்சரம் தெரியாதே சார்! நீங்க யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?"

சோதிடர் நாற்காலியைத் துடைத்து அவர் பக்கம் நகர்த்தினார்.

"யார்கிட்டயும் இல்லை சார். நீங்க வர்றதுக்கு முன்னாடி, ஏழு வருஷம் அந்த சைக்கிள் பக்கத்தை நான்தானே எழுதினேன்!"