குடைநண்டும் சிஹாபுதீன் தலையும்

அந்த வியாழக்கிழமை காலை சிஹாபுதீன் தன் தலைக்குச் சுதந்திரம் வழங்கினார். இனி அது மேலும் கீழும் ஆடாது. ஆடினால் பக்கவாட்டில்தான்.

காரணம் ஒரு நண்டு. ஆறு மாதமாக அவர் செல்போனில் ஆடும் கேமில், செல்லமாக வளர்ப்பது ஒரு குடைநண்டு. முதுகில் குட்டிக் காளான். நண்டு தின்பதெல்லாம் காளானுக்குப் போகும். முப்பதாவது லெவலில் காளான் குடையாக விரிந்து நண்டையே மூடிவிடும். கண் வெளுத்துப்போகும். அப்புறம் நடக்கிற கால் நண்டுடையது, நடத்துகிற புத்தி காளானுடையது. வளரட்டுமா என்று கேம் கேட்கும். பதினேழு தடவை 'வேண்டாம்' அமுக்கி, நண்டின் மானத்தைக் காப்பாற்றி வைத்திருந்தார்.

தறிக்கு நூல் கொண்டுவரும் பாண்டியராஜும் அதே கேம்தான் ஆடுகிறார். புதன்கிழமை அவர்தான் வம்புக்கு இழுத்தார்.

"வே, நண்டக் காப்பாத்தீட்டீரு. உம்மள யாரு காப்பாத்துவா?"

"எனக்கு என்ன கேடு?"

"மதினி என்ன சொன்னாலும் தலைய ஆட்டுதீரு. உம்ம கண்ணும் லேசா வெளுத்த மாதிரிதான் இருக்கு."

சிஹாபுதீனுக்குச் சுருக்கென்றது. ஆனால் அது அவர் குற்றமில்லை, தறியின் குற்றம். வீட்டை ஒட்டிய கொட்டகையில் நாலு விசைத்தறி. ஓடும்போது இடி விழுந்தாலும் கேட்காது. மனைவி ரசீதா வாசலில் நின்று வாயை அசைப்பாள். நூல் அறுந்துவிடுமோ என்ற கவலையில் இவர் தலையை அசைப்பார். இப்படி அசைத்தே வீட்டுக்கு ஏசி வந்தது, மூன்று ஆடு வந்தது, நோன்பு மாதம் முழுக்க மாமியார் வந்தார். பிறகு கேட்டால், "நீங்கதான மச்சான் தலையாட்டுனீங்க" என்பாள்.

வெள்ளிக்கிழமை தறிக்கு லீவு. பாண்டியராஜோடு குடைநண்டுப் போட்டி. அதே நாள் ரசீதாவின் தங்கை சுபைதா கடையநல்லூரில் வீடு குடிபோகிறாள். மச்சினி வீட்டு விசேஷம் என்றால் சிஹாபுதீனுக்கு வெங்காய மூட்டை என்று பொருள். போன முறை உரித்த எரிச்சல் இன்னும் கண்ணில் இருக்கிறது. இந்த முறை போகக்கூடாது. செத்தாலும் போகக்கூடாது.

வியாழன் பத்து மணி. தறி ஓடுகிறது. ரசீதா வந்தாள். வாய் அசைந்தது. இவர் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினார். மறுபடி அசைந்தது. இன்னும் வேகமாக ஆட்டினார். மூன்றாம் முறை கெஞ்சுவதுபோல் கையை வேறு நீட்டினாள். நனைந்த ஆடு உதறுவதுபோல் உதறினார். அவள் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பாவமாகத்தான் இருந்தது. நூல் இறக்க வந்த பாண்டியராஜ் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

மதியம் தறி நின்றது.

"காலைல ஆறு மணி பஸ்ஸு மச்சான். ஒங்க வெள்ளச் சட்டையத் தேச்சு வச்சுட்டேன்."

"எதுக்கு? மூணு தடவ முடியாதுன்னேனே!"

"ஆமா. நானும் மூணு தடவ கேட்டேன். 'ஒங்களுக்கு நாளைக்குப் போட்டியாம்லா, நான் மட்டும் போயிட்டு வாரேன்'னேன். கூடாதுன்னீங்க. 'வீட்டுல நிம்மதியா இருந்து வெளையாடுங்க'ன்னேன். மாட்டேன்னீங்க. 'சுபைதா ஒண்ணும் நெனைக்க மாட்டா, இருங்க மச்சான்'னு கெஞ்சுனேன். கழுத்து சுளுக்குத அளவுக்குல்லா ஆட்டுனீங்க!"

சிஹாபுதீன் கழுத்தைத் தடவிக்கொண்டார்.

"எங்க குடும்பத்து மேல இவ்வளவு பாசமான்னு சுபைதா போன்லயே அழுதுட்டா."

"போட்டின்னு யாரு சொன்னா?"

"பாண்டியராஜ் அண்ணாச்சி சம்சாரம். அண்ணாச்சியும் பாத்துக்கிட்டுதான நின்னாக. கேளுங்க."

நூல் கணக்கு முடிக்க வாசலில் நின்றிருந்த பாண்டியராஜ் தலை மேலும் கீழும் ஆடியது.

வெள்ளிக்கிழமை. கடையநல்லூர். கரண்ட் போய், பந்தலுக்குப் பக்கத்தில் ஜெனரேட்டர் அலறிக்கொண்டிருந்தது. சிஹாபுதீன் இரண்டு கையும் வெங்காயமாக, கண்ணீரும் கம்பலையுமாக உட்கார்ந்திருந்தார். ஆனாலும் மனசுக்குள் ஓர் ஆறுதல். சட்டைப் பையில் இருக்கும் நண்டுக்காவது இன்னும் சொந்தப் புத்தி இருக்கிறது. அந்த நேரம் பார்த்துப் பை அதிர்ந்தது. பக்கத்தில் இருந்த ரசீதாவே போனை எடுத்துப் பார்த்தாள். இவர் பக்கம் திரும்பி என்னவோ கேட்டாள். வாய் மட்டும் அசைந்தது.

கரண்ட் வந்து ஜெனரேட்டர் நின்றபோது அவர் போனைப் பார்த்தார். திரை முழுக்கக் காளான். அடியில் இரண்டு வெள்ளைக் கண்.

"ஏட்டி, என்ன செஞ்ச?"

"வளரட்டுமான்னு கேட்டுச்சு. நீங்கதான மச்சான் தலையாட்டுனீங்க."