மூடுபனி சாரின் நடக்காத கூட்டங்கள்

நடக்காத கூட்டத்துக்கு ஏன் தாமதம் என்று, இல்லாத ஆளைத் திட்டித் தொண்டை கட்டிக்கொண்ட ஒரே மனிதர் இந்தப் பூமியில் எங்கள் மூடுபனி சார்தான்.

ஊட்டியில் நான் சுற்றுலாப் பட்டப்படிப்பின் கடைசி வருடத்தில் இருந்தேன். ஆளுக்கொரு தொழில் கருத்தரங்கைக் காகிதத்திலேயே நடத்திக் காட்ட வேண்டும், அதுதான் தேர்வு. மண்டபம், விருந்தினர், சாப்பாடு எல்லாம் கற்பனை. வெட்டப்படும் மதிப்பெண் மட்டும் நிஜம். நாங்கள் வாசிக்க வாசிக்க, சார் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கூட்டத்தில் போய் உட்கார்ந்துவிடுவார். "மூடுபனி இறங்கிருச்சுங்க. மலையேறி வர்ற கெஸ்ட்டோட கார் பர்லியாறுல நிக்குது. இப்ப என்ன பண்ணுவீங்க?" என்பார். பட்டப்பெயர் வந்தது அப்படித்தான். ஃபெர்ன்ஹில் அரண்மனை ஹோட்டலில் விருந்து வைத்தவனிடம், சாம்பாரில் உப்பில்லை என்று மூன்று மதிப்பெண்ணைப் பிடுங்கினார். ஒருத்தி கலெக்டரையே வரவழைத்தாள். கலெக்டர் ஐந்து நிமிடம் தாமதம் என்று அவளுக்கும் வெட்டு விழுந்தது. சார் எழுந்து ஒரு வணக்கம்கூடச் சொல்லவில்லை.

தேயிலை விலை விழுந்து எங்கள் எஸ்டேட் ஃபேக்டரி மூடிக் கிடந்த நேரம் அது. இதில் தவறினால் படிப்பை விட்டுவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போ என்று அப்பா சொல்லியிருந்தார். எனக்கோ பெரிய மனிதர் ஒருவரையும் தெரியாது. தேயிலைத் தொழில் கருத்தரங்கு என்று தலைப்பு எழுதி, சிறப்பு விருந்தினர் இடத்தில் அம்மாவின் பெயரைப் போட்டுவிட்டேன். முப்பது வருடம் கொழுந்து பறித்தவர் என்று வாசித்ததும் வகுப்பே சிரித்தது. அழுகை வந்துவிடும் போலிருந்தது எனக்கு.

சார் கண்ணைத் திறக்கவில்லை. "அம்மா எதுல வர்றாங்க?" என்றார்.

"மஞ்சூர் பஸ்ஸுலங்க சார்."

"அது என்னைக்கு நேரத்துக்கு வந்துருக்கு? கூட்டத்தை அரை மணி தள்ளி வெய்ங்க."

பிறகு எழுந்தார். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். காலி நாற்காலி ஒன்றை முன்னால் இழுத்துப் போட்டு, "உக்காருங்கம்மா" என்றார். வகுப்பில் சிரிப்பு நின்றுபோனது.

தேறிவிட்டேன். ஆனால் தொட்டில் பழக்கம் விடுமா, இரண்டு மதிப்பெண்ணை வெட்டியிருந்தார். ஏன் என்று போய்க் கேட்டேன்.

"டீ குடுக்க ஒரு ஆளைப் போடலைங்களே நீங்க. அப்புறம் அவங்களே எந்திரிச்சுப் போயி எல்லாருக்கும் குடுக்க ஆரம்பிச்சுருவாங்க."

என் அம்மாவை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. அந்த இரண்டு மதிப்பெண்ணுக்காகவே அவரை எனக்கு இன்றும் அவ்வளவு பிடிக்கும்.